அக்காவின் நேர்த்தி, என் கால்கள்

1

மடு மாதா கோவிலிலிருந்து திரும்பி வந்து இன்றைக்குப் பதினாறு நாள். வலது குதிக்காலில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நான் துணி மடிப்பதைக் கண்ட மேற்பார்வைப் பெண் காலுக்கு என்ன என்று கேட்டாள். விடுமுறையில் நடந்தேன் என்றேன். எத்தனை நாள் என்றாள். ஆறு என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தச் சுவிஸ் நாட்டில் நடக்கிறவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. மலையா என்று கேட்டாள். இல்லை, வெறும் சமதரை, காடு, யானை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை அடுக்கினேன். படம் காட்டச் சொன்னாள்.

என்னிடம் படம் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்பு நான் எடுத்த ஒரு படத்தால்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் இந்த முறை ஒன்றுகூட எடுக்கவில்லை.

நான் எழுதிப் பழகியவன் அல்ல. வட்டக்கச்சியில் சாதாரணதரம் வரை படித்ததோடு சரி. ஆனால் அக்காவும் அத்தானும் இருக்கும் நாயாற்றில் என் கதை இப்போது பல விதமாக உலாவுகிறது என்று கேள்விப்படுகிறேன். அத்தான் சொல்லுகிற விதத்தில், சுவிசில் நான் ரயிலே ஓட்டியிருக்கிறேனாம். நடந்ததை நடந்தபடி ஒருதரம் எழுதி வைத்துவிட்டால் எனக்கு நித்திரை வரும் என்று நினைக்கிறேன்.

2

எனக்கு உடன்பிறந்தவர் என்று இருப்பது அக்கா ஒருவர்தான். எங்கள் வீட்டில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம், அதற்கப்பால் நேர்த்தி, யாத்திரை என்று ஒன்றும் இல்லை. அக்கா விரும்பிக் கலியாணம் செய்தது நாயாற்றில் ஒரு கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்தில். அத்தான் களப்பிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். அக்கா பொட்டையும் விடவில்லை, மாதாவையும் ஏற்றுக்கொண்டார். இரண்டுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது.

நான் சுவிசுக்கு வெளிக்கிட்டபோது மொஸ்கோ வரை விமானம், அதற்குப் பிறகு ஏஜென்சிக்காரர் விட்ட வழி. ஏழு மாதம் என்னிடமிருந்து ஒரு செய்தியும் ஊருக்குப் போகவில்லை. நான் எங்கோ ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் பதினொரு பேரோடு இருந்தேன். அந்த நாட்களில் அக்கா கோவிலுக்குப் போய், தம்பி உயிரோடு போய்ச் சேர்ந்தால் நாயாற்றிலிருந்து மடு வரைக்கும் அவன் நடந்து வருவான் என்று நேர்ந்திருக்கிறார். நான் நடந்து முடிக்கும் வரைக்கும் தான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்பது நேர்த்தியின் மற்றப் பாதி.

இங்கே வந்து சேர்ந்து முதல் தடவை தொலைபேசியில் பேசியபோதுதான் எனக்கு இது தெரிய வந்தது. என்னைக் கேட்காமல் என் காலை ஏன் நேர்த்தியில் வைத்தீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. "உன்ர காலைத்தானே மாதா காப்பாத்த வேண்டியிருந்தது. அப்ப அதைத்தான் வைக்கலாம். என்ர காலை வைச்சு என்ன செய்யிறது?" என்றார்.

மீன் பிடிக்கிற வீட்டில் மீன் தின்னாத மருமகள். தினமும் மீன் காய்ச்சுவார். உப்புப் பார்ப்பது அத்தான். மாமியார், எங்கட வீட்டுக்கு ஒரு ஐயரம்மா வந்திருக்கிறா என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாராம். பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம். முகாமில் நிவாரணமாகத் தந்த, ரின்னில் அடைத்த மீனைப் பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுத்துவிட்டு, அக்கா சோற்றில் பருப்புத் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டார் என்று அத்தான் ஒருமுறை சொன்னார். அக்கா எனக்குச் சொல்லவில்லை.

நான் போயிருக்கலாம் என்று நினைப்பீர்கள். முதல் சில வருசங்கள் கையில் இருந்தது தற்காலிக அட்டை. அந்த அட்டையோடு ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. வருசா வருசம் அதைப் புதுப்பிக்க ஒரு கந்தோர், அங்கே ஒரு யன்னல், யன்னலுக்குப் பின்னால் ஒரு கேள்வி. பிறகு நிரந்தர அட்டை கிடைத்தது. அப்போது மனைவி வந்து, மகள் பிறந்து, விடுமுறை எல்லாம் வேறு பக்கம் போயிற்று. கொஞ்சம் பயமும் இருந்தது. ஒவ்வோர் ஆவணித் திருவிழாவுக்கும் முன்னால் அக்கா தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொல்லுவார்: "இஞ்ச சனம் நடக்க வெளிக்கிடுது." அதற்கு மேல் ஒரு சொல் வராது. நான் ஓம் என்பேன். பிறகு வேறு கதைக்குப் போய்விடுவோம்.

இப்படிப் பத்தொன்பது வருசம்.

3

நாயாற்றுக்குப் புதிதாக வந்த பாதரிடம் அக்கா இதைச் சொல்லியிருக்கிறார். மாதா சுவிசிலும் இருக்கிறாதானே, தம்பி அங்கே நடந்தாலும் சரிதான் என்று அவர் சொல்லிவிட்டார். அக்காவுக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. எனக்கும்தான்.

இந்த நாட்டில் ஐன்சீடல்ன் என்று ஒரு பெரிய மடம் இருக்கிறது. அங்கே கறுப்பு மாதா. கோடையில் எங்கள் சனம், சைவக்காரர் வேதக்காரர் என்றில்லாமல், காரில் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார்கள். நடந்து போகிறவர்கள் வெள்ளைக்காரர். அவர்களுக்கென்று பழைய யாத்திரைப் பாதை ஒன்று நாடு முழுக்க ஓடுகிறது. இரண்டு வருசத்துக்கு முன்பு நான் அதில் சங்க்ட் காலனில் தொடங்கினேன். மொத்தம் நாலைந்து நாள் நடை. இரண்டாம் நாள் பின்னேரம் வட்வில் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது. மழையும் இல்லை.

அடுத்த நாள் மலையில் ஏற வேண்டும். இடையில் தங்குவதற்கு இருந்தது ஒரு பண்ணை வீடு, வைக்கோலில் படுக்க இடம் தருவார்கள். ஆனால் முதலே தொலைபேசியில் கேட்க வேண்டும். இலக்கம் என் கையில் இருந்தது.

நான் ரயில் நிலைய வாங்கில் இருந்துகொண்டு அந்த இலக்கத்தைப் பார்த்தேன். ஆளைப் பார்த்துக் கதைத்தால் கையைக் காலைக் காட்டிச் சமாளிப்பேன். தொலைபேசியில் எனக்குக் குரல் வராது. அந்தப் பக்கத்தில் மலைக்காரப் பெண் ஒருத்தி வேகமாகச் சுவிஸ் ஜெர்மன் கதைப்பாள், நான் திரும்பத் திரும்ப என்ன என்று கேட்பேன், அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சை நான் பல கந்தோர்களில் கேட்டிருக்கிறேன். வீட்டில் இப்படியான அழைப்பெல்லாம் மகள்தான் எடுப்பாள். அன்று அவள் சிநேகிதிகளோடு எங்கோ போயிருந்தாள். அதற்கு முந்தின கிழமைதான் பல் வைத்தியருக்கு எடுக்கச் சொன்னபோது, "பப்பா, நான் உங்கட செக்ரட்டரியா?" என்று கேட்டிருந்தாள். அவளைக் கேட்கவும் மனம் வரவில்லை.

ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். ரயில் வந்தது. ஏறினேன்.

மலைக்குக் கீழே நீளமான சுரங்கம். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, ராப்பர்ஸ்வில்லில் இறங்கினேன். அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் படுத்தேன். அடுத்த நாள் ஏரிக்கு மேலாகப் போகும் மரப்பாலத்தில் நடந்து, மற்ற மலை ஏறி, பின்னேரம் மடத்துப் படிக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அக்கா உடனே தொலைபேசி எடுத்தார். "முழுக்க நடந்தனியோ, தம்பி?"

"ஓம், அக்கா."

அவ்வளவுதான் நான் சொன்ன பொய்.

அடுத்த நாள் அத்தான் எடுத்தார். "மச்சான், உன்ர கொக்கா இண்டைக்குத் திரளிமீன் சாப்பிட்டவா. ரெண்டு துண்டு. அழுதுகொண்டு சாப்பிட்டதில முள்ளுத் தெரியேல்ல. நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

4

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால் கால் தானாக ஆடும். உமக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கோ என்று மனைவி கேட்டாள். சலவை அறையில் இயந்திரம் சுற்றி முடியும் வரைக்கும் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடந்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் கடைசியில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. இருந்தும் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் போட்டேன்.

அக்காவிடம் சொல்லலாம்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த நேரச் சாப்பாட்டிலிருந்து மீனை விட்டுவிடுவார். அவருக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. அதோடு, இனி நான் ஓம் என்று சொல்லுகிற எதையும் அவர் நம்ப மாட்டார். இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

ஆகவே ரகசியமாகத் தீர்த்துவிட நினைத்தேன். இந்த ஆவணிக்கு நான் வருகிறேன், நாயாற்றிலிருந்து மடுவுக்கு நடக்கப் போகிறேன், மகளின் படிப்புக்காக எனக்கொரு நேர்த்தி என்று சொன்னேன். இது இரண்டாவது பொய். அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அப்ப நானும் வாறன்," என்றார்.

5

நாயாற்றுக் கோவிலடியிலிருந்து நாற்பது பேரளவில் வெளிக்கிட்டோம். ஒரு சின்னத் தள்ளுவண்டியில் பூச்சோடனைக்குள் மாதா. விடிய மூன்று மணிக்கு நடை தொடங்கும். வெயில் ஏற ஏதாவது பள்ளிக்கூடத்திலோ மரநிழலிலோ சமைத்துச் சாப்பிட்டுப் படுப்போம். நான்கு மணிக்கு மறுபடி நடை. கடைசியாக அத்தானின் லான்ட்மாஸ்டர் வரும். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டியது. அதில் தண்ணீர்ப் பீப்பாய், அரிசி, பாய், ஏலாமல் போனவர்கள்.

முதல் நாளே என்னைப் பற்றிக் கதை வந்துவிட்டது. மரியக்கா என்று ஒரு மனுசி, ஐந்தாறு தடவை நடந்தவர், என் காலணியைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சுவிசில காசு குடுத்தால் எங்களுக்குப் பதிலா நடக்க ஆள் பிடிக்கலாமாம், உண்மையோ தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. அக்கா முன்னுக்கு வந்து, "என்ர தம்பி அங்கயும் நடந்தவன். மலையில. உங்கட மாதிரித் தட்டை றோட்டில இல்லை," என்றார். பெருமையாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது எப்போதும் ஒரு வசதி.

முல்லைத்தீவு, முள்ளியவளை, ஒட்டுசுட்டான். சிவன் கோவிலடியில் சனம் அண்டா நிறைய மோர் வைத்துக்கொண்டு நின்றார்கள். செபமாலையில் நான் எப்போதும் அரைச் சொல் பின்னால் வந்தேன். நடக்க நடக்க அந்தக் கால் ஆட்டம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. எல்லோரும் இளைப்பாறும்போதும் நான் எழும்பி வீதிக்குப் போய் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்ப்பேன். என்ன அவசரம், மாதா எங்கயும் போக மாட்டா என்று அத்தான் சொன்னார்.

மாங்குளத்தில் மகள் வீடியோவில் வந்தாள். வெயிலையும் புழுதியையும் பார்த்துவிட்டு, "அங்க பஸ் இல்லையா, பப்பா?" என்று கேட்டாள். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"பிள்ளை, உங்கட படிப்புக்காகத்தான் அப்பா நடக்கிறார். கவனமாப் படியுங்கோ."

மகள் விளங்காமல் பார்த்தாள். "எனக்காகவா? நான் நல்லாத்தானே படிக்கிறேன்," என்றாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் தொலைக்காட்சித் தமிழ். அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். நான் தொடர்பு சரியில்லை என்று சொல்லிப் போனை வாங்கி நிறுத்தினேன். மகளின் பெயரையும் இதற்குள் இழுத்துவிட்டேனே என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை.

6

மூன்றுமுறிப்பைத் தாண்டிப் பாலம்பிட்டிப் பக்கம் திரும்பியதும் காடு. யானை மறிக்கும் இடம் என்பதால் யாரும் தனித்துப் போகக் கூடாது, பின்னுக்கு நிற்கவும் கூடாது. ஐந்தாம் நாள் பின்னேரம் என் குதிக்காலில் கொப்புளம் உடைந்தது. செருப்பில் இரத்தம் ஒட்டியது. நான் நொண்டத் தொடங்க, எனக்காக முழுக் கூட்டமும் நடையைக் குறைத்தது. மரியக்கா வெளிச்சம் போவதற்குள் அடுத்த கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முணுமுணுத்தார்.

லான்ட்மாஸ்டர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அத்தான், சுவிஸ் கால் வன்னி றோட்டுக்குச் சரிவராது, ஏறு மச்சான் என்றார். நான் வேண்டாம் என்றேன். அக்கா திரும்பி வந்து குனிந்து என் காலைப் பார்த்தார்.

"ஏறு, தம்பி."

"வேண்டாம், அக்கா. நடப்பன்."

"பிடிவாதம் பிடியாதை. உன்ர பெரிய நேர்த்தி அங்க முடிஞ்சுது. இது உன்ர விருப்பத்துக்கு நடக்கிறதுதானே. மாதா ஒண்டும் சொல்ல மாட்டா. ஏறு."

அவர் என் கையைப் பிடித்துப் பெட்டிப் பக்கம் இழுத்தார். நான் ஏறியிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். தூக்கிய கால் மேலே போகவில்லை.

"அக்கா, அங்க நான் முழுக்க நடக்கேல்ல."

அவர் கையை எடுக்கவில்லை. "என்ன சொல்லுறாய்?"

"நடுவில ஒரு நாள் நடை. ரயிலில போனனான்."

"கால் ஏலாமலோ?"

"இல்லை."

"அப்ப?"

"ஒரு வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து இடம் கேக்க வேணும். எனக்குக் கதைக்கப் பயமாயிருந்தது."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பி எதையோ தட்டிப் பார்த்தார். கூட்டம் கொஞ்சம் முன்னால் போய் எங்களுக்காக நின்றது.

"ரெண்டு வருசம்," என்றார் அக்கா. "ரெண்டு வருசம் நான் சாப்பிட்டிருக்கிறன்."

என் கையை விட்டுவிட்டு முன்னுக்குப் போனார். நான் ஏறவில்லை. அவரும் மறுபடி ஏறச் சொல்லவில்லை.

7

அன்று இரவும் மறுநாள் விடிய நடையிலும் அக்கா என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. யாத்திரையில் எல்லோருக்கும் சைவச் சாப்பாடுதான், அதனால் அவர் மீனை விட்டுவிட்டாரா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? அவா கதைக்காட்டிப் பிரச்சினை இல்லை, மச்சான். கதைக்கத் தொடங்கினாத்தான் பிரச்சினை," என்றார். மரியக்கா ஒரு பழந்துணியும் நல்லெண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். யார் தந்துவிட்டது என்று கேட்டதற்கு, உமக்கு வேண்டாமெண்டால் திருப்பிக் குடுக்கிறன் என்றார்.

அக்கா எனக்கு இருபதடி முன்னால் நடந்தார். லான்ட்மாஸ்டர் சத்தம் கிட்ட வரும்போதெல்லாம் திரும்பி, நான் நிலத்தில்தான் நிற்கிறேனா என்று பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி நடப்பார். அந்தக் கடைசி மைல்கள் முழுக்க அப்படித்தான் போயிற்று. நான் நொண்டிக்கொண்டே நடந்தேன். ஏதாவது சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வசனங்களைச் சேர்ப்பேன். அவர் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் கலைந்துவிடும்.

மடுவுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். மரத்துக்கு மரம் கூடாரம், புகை, ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்பு. எங்கள் கூட்டம் வண்டியை நிறுத்திப் பாட்டுப் பாடி முடித்தது. எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். எழும்பிப் பார்த்தபோது அக்காவைக் காணவில்லை.

அத்தான் கோவில் பக்கம் கையைக் காட்டினார். வாசலிலிருந்து வளைந்து வளைந்து நீண்ட வரிசை. அதற்குள் எங்கோ அக்கா போய்விட்டார். நான் ஒரு மரத்தின் கீழ் நின்றேன். இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை. உள்ளே போவதற்கும் மனம் துணியவில்லை. நேர்த்தி வைத்தவர் அவர். நடந்தது சரியா இல்லையா என்று அவர் சொல்லாமல் நான் எப்படி உள்ளே போவது? உள்ளே போய்த்தான் என்ன சொல்வது? நான் நடந்தேன் என்றா? ஆறு நாளில் ஐந்து நாள் நான் பொய்யோடு நடந்திருக்கிறேன். திரும்பி நாயாற்றுக்கே போய் முதலிலிருந்து தொடங்கு என்று அவர் சொன்னால், எனக்கு விமானத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. சொன்னால் போவது என்று முடிவெடுத்துக்கொண்டேன். வேலையை நினைத்தேன். அதையும் விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து அக்கா வந்தார். முக்காடு தோளில் விழுந்திருந்தது. நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்திருந்தது. நேரே எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"சொல்லிப்போட்டன்," என்றார்.

"என்னத்தை?"

"எல்லாத்தையும்தான். இவன் அங்க ரயிலில போனவன், எனக்குப் பொய் சொன்னவன், பிறகு பிள்ளையின்ர பேரைச் சொல்லி இன்னொரு பொய்யும் சொன்னவன். ஒண்டும் விடேல்ல."

சின்ன வயதில், நான் வாய்க்காலில் இறங்கியதை அம்மாவிடம் போய்ச் சொன்ன அதே குரல்.

"நீங்கள் மச்சம்..." என்று தொடங்கினேன்.

"அதையும் சொன்னனான். இவன் சொன்ன பொய்க்கு நான் இனிப் பட்டினி கிடக்க மாட்டன். பத்தொன்பது வருசம் இருந்திட்டன், அது காணும். கோவமெண்டால் அவனோட கோவியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

நான் நின்றேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போ. வரிசை நீளுது."

"நான் என்ன சொல்லுறது, அக்கா?"

"நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உன்ர முகத்தைக் கொண்டுபோய்க் காட்டு. ஆர் எண்டு அவாவுக்குத் தெரியும்."

குனிந்து செருப்பைக் கழற்றினேன். காலோடு ஒட்டியிருந்த துணி கழன்று வந்தது. அக்கா என் செருப்பு இரண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சிங்களக் குடும்பம், அவர்களுக்கு முன்னால் தோளில் குழந்தையோடு ஒரு மனுசன். மணல் சுட்டது. வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.